பதினைந்து கிலோமீட்டர் வளையம்: ஒரு நியர் மிஸ் அறிக்கை

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். பதினேழு வருஷத்தில் எத்தனையோ விபத்து அறிக்கை எழுதியாயிற்று. ஏணியிலிருந்து விழுந்தவர், வால்வைத் திறந்து முகத்தில் நீராவி வாங்கியவர், ஃபோர்க்லிஃப்டில் பாதம் மாட்டியவர் என்று, 'பாதிக்கப்பட்டவர்' என்ற கட்டத்தில் எப்போதும் வேறு யாருடைய பெயராவதுதான் இருக்கும். இந்த அறிக்கையில் அந்தக் கட்டத்தில் இருப்பது நான்.

நடந்தது கடலூரில் இல்லை. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் எல்லை தொடும் ஜூரா மலைக்காட்டில், ஒரு பனிச்சறுக்குத் தடத்தில். உயிர்ச்சேதம் இல்லை, காயமில்லை, கூடுதலாக ஒரு நாள் லீவுகூடப் போடவில்லை. எங்கள் பாஷையில் இதற்கு நியர் மிஸ் என்று பெயர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. தலைப்பாகையோடு போனதற்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. எழுத வைப்பதுதான் என் உத்தியோகத்திலேயே கஷ்டமான வேலை. ஊரை எழுதச் சொல்லிவிட்டு நான் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று ஷிப்ட் ஆட்களிடம் இதை வாயால் சொன்னேன். அன்று நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆட்களும் இடமும்

என் அக்கா புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. மாமா வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கையெழுத்தின் பலன், இன்று அக்கா பெசன்சோன் நகரத்தில் இருந்துகொண்டு கருவேப்பிலைக்கு அலைகிறாள்.

அவள் மகனுக்கு 19 வயது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூட நாளிலேயே சறுக்கப் பழகியவன். எனக்கு 46, எடை 72 கிலோ. வாரத்தில் நாலு நாள் மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் பக்கம் ஓடிவிட்டு வருவேன். இந்த ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜூரா என்றால் ஆல்ப்ஸ் மாதிரி கூர் கூராக நிற்கும் மலை இல்லை. முதுகு மழுங்கிய சுண்ணாம்புக்கல் மலை. ஜுராசிக் காலத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த மலைதான். மேலே போர்த்தினாற்போல ஸ்ப்ரூஸ் மரக்காடு. பக்கத்து ரிசூ காட்டு ஸ்ப்ரூஸ் மரத்தில் வயலின் பலகை அறுக்கிறார்கள், மரப்பட்டையை நாரெடுத்து மோன் தோர் என்கிற பாலாடைக்கட்டியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நாங்கள் போன தடம் 1,100 மீட்டரிலிருந்து 1,250 மீட்டர் உயரத்துக்குள் அடங்கியது. நம் ஏற்காடு இதைவிட உயரம். 'ஏற்காட்டுக்குக் கீழேதானே' என்று நான் மனதுக்குள் போட்ட கணக்கும் இந்த அறிக்கையில் ஒரு காரணம். உயரத்தைப் பார்த்தவன் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. ஏற்காடு 11 டிகிரி வடக்கில் இருக்கிறது, அந்தக் காடு 46 டிகிரியைத் தாண்டி இருக்கிறது.

அந்த வட்டாரத்தில் மூத் என்று ஒரு கிராமம் உண்டு. 1968 ஜனவரி 13-ல் அங்கே மைனஸ் 36.7 டிகிரி பதிவானது. சும்மா 'குட்டி சைபீரியா' என்று சொல்லவில்லை.

இந்தச் சறுக்கு, சினிமாவில் மலை உச்சியிலிருந்து கீழே பாய்வார்களே, அது இல்லை. பிரெஞ்சில் ஸ்கி தெ ஃபோன் என்கிறார்கள். காட்டுக்குள் ஏறி இறங்கி நடப்பதும் வழுக்குவதும் கலந்த ஒன்று. பலகை மெல்லிசு, நீளம். பூட்ஸின் முனை மட்டும் பலகையில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும். இயந்திரம் ஒன்று பனியை அழுத்தி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாய்க்கால் போட்டுவிட்டுப் போயிருக்கும். அதற்குள் பலகையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். எனக்குக் கொடுத்த வாடகைப் பலகையின் அடியில், நடுவில் மட்டும், மீன் செதில் மாதிரி வரிவரியாக வெட்டியிருந்தது. பலகை வில் போல லேசாக வளைந்திருப்பதால் சும்மா வழுக்கும்போது அந்தச் செதில் பனியைத் தொடாது. முழு எடையையும் ஒரு காலில் போட்டு மிதித்தால் வில் தட்டையாகி, செதில் பனியைக் கவ்வும். பின்னால் சறுக்காமல் ஏறலாம். பிரெஞ்சிலும் அதற்குச் செதில் என்றுதான் பெயராம். முதுநகர் மீன் மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அன்று சட்டென்று பிடிபட்டது அது ஒன்றுதான்.

அன்று நடந்தது

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை. பொங்கலுக்கு ஊரில் இல்லையென்று அம்மாவிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சமதளத்தில் இரண்டு மணி நேரம் பழகியிருந்தேன். ஏழெட்டு முறை விழுந்தாலும் கடைசியில் பத்து நிமிஷம் விழாமல் போனதில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

காலையில் கிளம்ப வேண்டியது. அக்கா எலுமிச்சைச் சோறு கட்டித் தருகிறேன் என்று நிறுத்தி, மாமா 'சாப்பிட்டே போங்க' என்று உட்கார வைத்து, வாடகைக் கடையில் வரிசையில் நின்று, தடத்தில் கால் வைத்தபோது பிற்பகல் 1.10. வாசல் பலகையில் மைனஸ் 3 டிகிரி, நல்ல வெயில். தடம் 5 மணிக்கு மூடப்படும் என்றும் அதே பலகையில் இருந்தது. மருமகன் படித்துச் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

நான் போட்டிருந்தது: உள்ளே பனியன், அதன் மேல் புதுச்சேரியில் வாங்கிய தெர்மல், அதன் மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலாடை. தடித்த ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். இரண்டாவது கிலோமீட்டரில் வியர்த்துக் கொட்டியது. ஜாக்கெட்டைக் கழற்றி மருமகனின் பையில் திணித்தோம். என் போன் காரிலேயே இருந்தது. ரோமிங் பேக் போடவில்லை, சும்மா எதற்குச் சுமக்க வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

2.10-க்கு ஒரு பிரிவு வந்தது. கம்பத்தில் இரண்டு அம்புக்குறிகள். இடது பக்கம் திரும்பினால் மொத்தம் 7 கிலோமீட்டரோடு வாசலுக்கு வந்துவிடலாம். நேராகப் போனால் 15 கிலோமீட்டர் வளையம். அதுவரை வந்தது 4.5 கிலோமீட்டர். அங்கே நடந்த பேச்சை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"மாமா, இங்கேயே திரும்பிடலாமா? ரெண்டாவது நாள்தானே உங்களுக்கு."

"ஏன்டா, உனக்கு முடியலையா?"

"எனக்கில்ல மாமா. உங்களுக்காகத்தான்…"

"எனக்கென்ன மாப்ள, டெய்லி ஓடிட்டுதானே இருக்கேன். வா, போலாம்."

"சரி மாமா."

பிரிவைத் தாண்டியதும் ஏற்றம். 150 மீட்டர் உயரம்தான், மூன்று கிலோமீட்டரில் பரவிக் கிடந்தது. செதில் கவ்வாத செங்குத்தான இடங்களில் பலகைகளின் முனையை விரித்துவைத்து எட்டு எட்டாக ஏற வேண்டும். வாத்து நடை என்று அதற்குப் பெயர். வாத்து இவ்வளவு கஷ்டப்படுமா தெரியவில்லை. மூச்சு வாங்கி நின்று, விழுந்து எழுந்து, அந்த மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மேட்டின் மேல் ஒரு மரக்குடிசை, அதன் வெளித்திண்ணையில் உட்கார்ந்தபோது 3.40.

அப்போது என் தோளிலிருந்தும் தலையிலிருந்தும் ஆவி கிளம்பியது. இட்லிப் பானையைத் திறந்தாற்போல. மருமகன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தான், நானும் பல்லைக் காட்டினேன். 3.43 என்று நேரம் பதிந்த அந்தப் போட்டோதான் இந்த அறிக்கையின் முதல் சாட்சியம். டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு பருக்கை பருக்கையாக விறைத்து, கடலைப்பருப்பு பல்லை உடைத்தது. ஃபிளாஸ்க் டீ இருந்தது. வெயில் கண்ணுக்கு இதமாக இருந்தது. இருபது நிமிஷம் உட்கார்ந்தோம்.

எழும்போது முதுகில் யாரோ ஈரத்துணியை ஒட்டினாற்போல இருந்தது. ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பற்கள் தானாக அடிக்க ஆரம்பித்தன. 'ஓட ஆரம்பிச்சா சூடாயிடும்' என்றேன். அங்கிருந்து இறக்கம். இறக்கத்தில் உடம்பு வேலை செய்யாது, காற்றுதான் வேலை செய்யும். மதியம் வெயிலில் இளகிய தடம், நிழல் விழுந்ததும் மறுபடி உறைந்து கண்ணாடியாகியிருந்தது. அடுத்த மூன்று கிலோமீட்டரில் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. கையுறைக்குள் பனி புகுந்து நனைந்தது.

4.50 வாக்கில் பலகையைக் கழற்றிவிட்டு நடக்கிறேன் என்றேன். மருமகன், "நடந்தா முழங்கால் வரைக்கும் உள்ள போகும் மாமா, இன்னும் லேட்டாகும்" என்றான். நான் எரிந்து விழுந்தேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. சூரியன் 5.10-க்கு மறைந்தது. தடம் கடைசியாக ஒரு கிண்ணம் மாதிரிப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே போனதும் வேறு ஊருக்கு வந்தது போல இருந்தது. மூக்கு முடி விறைத்தது. விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் உட்கார்றேன்டா" என்றேன். வார்த்தை குழறியது எனக்கே கேட்டது. ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்தேன். விரல் இருக்கிறது, ஜிப் இருக்கிறது, இரண்டும் சேரவில்லை.

அதன்பின் 19 வயதுப் பையன் செய்தது இது. அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடப் போனை எடுத்தான். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கண்ணெதிரே அணைந்துபோனது. லித்தியம் பேட்டரி குளிரில் அப்படித்தான் செய்யும். உடனே என் ஜாக்கெட், தெர்மல், பனியன் மூன்றையும் உருவினான். 'டேய், டேய்' என்று கத்தினேன். தன் பையில் தனக்கென்று வைத்திருந்த உலர்ந்த கம்பளி பனியனை மாட்டிவிட்டான், அதன் மேல் ஜாக்கெட், தன் குல்லாய். உட்கார வேண்டும் என்றதும், பையைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார வைத்தான், பனியில் இல்லை. நான் கடலூரிலிருந்து கொண்டுபோன பண்ருட்டி முந்திரியும் வெல்லமும் அவன் பையில் இருந்தது. ஒவ்வொன்றாக வாயில் போட்டான். கால் மணி நேரத்தில் நடுக்கம் முன்னைவிட அதிகமானது. பயந்துவிட்டேன். அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

6 மணிக்குச் சற்று முன்னால் காட்டுக்குள்ளிருந்து விளக்கு வெளிச்சம். தடம் போடும் இயந்திரம். தடத்தை மூடிய பிறகுதான் அது வேலைக்கு வரும். ஓட்டுநர் எங்களைக் கேபினுக்குள் ஏற்றிக்கொண்டு வாசல் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். மருமகன் பாதியைத்தான் எனக்கு மொழிபெயர்த்தான். மீதி என்னவென்று குரலிலேயே தெரிந்தது. மூடிய தடத்தில் இருட்டில் ஆள் நிற்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். எங்கள் யார்டில் இரவில் ரிவர்ஸ் வரும் டேங்கருக்குப் பின்னால் ஒருவன் நின்றால் நான் எப்படிக் கத்துவேனோ, அப்படிக் கத்தினார். வாசலில் முதலுதவிக்காரர் பார்த்து, லேசான ஹைப்போதெர்மியா, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்.

ஈரத்தின் எடை

உடலின் உள்வெப்பம் 37-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. தொடக்கத்தில் நடுக்கம், விரல் சொல்பேச்சு கேளாமை, நாக்குக் குழறல், காரணமில்லாத கோபம், உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை. என் விஷயத்தில் ஐந்தும் வரிசையாக வந்திருக்கின்றன. நடுக்கம் என்பது தசை தன்னைத்தானே ஆட்டிச் சூடு உண்டாக்குவது. அது நின்றுபோனால்தான் ஆபத்து.

வீட்டில் எல்லோரும் 'குளிர் தாங்கல' என்று முடித்துவிட்டார்கள். குளிர் தாங்காமல் இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் மேலாடையோடு மட்டும் எப்படி ஏறினேன்? வேலை செய்யும் உடம்பு ஓர் அடுப்பு. சாப்பிட்டதிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறும், மற்றதெல்லாம் சூடு. மைனஸ் 3-ல் வியர்த்ததே அதனால்தான். கோளாறு குளிரில் ஆரம்பிக்கவில்லை, அந்த வியர்வையில்தான் ஆரம்பித்தது.

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். மருமகன் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த பனியனையும் தெர்மலையும் எடுத்தேன். மடிப்பு மடிப்பாக, அப்பளம் மாதிரி விறைத்திருந்தன. அக்காவின் சமையலறைத் தராசில் வைத்தேன்: 540 கிராம். ஹீட்டர் மேல் போட்டுக் காயவைத்து மறுநாள் காலை மறுபடி வைத்தேன்: 350. ஆக 190 கிராம் தண்ணீரை உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு மலை இறங்கியிருக்கிறேன்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 0.58 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 190 கிராமுக்கு 110 கிலோகலோரி. 72 கிலோ மனித உடம்பை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 60 கிலோகலோரி எடுத்தால் போதும். அந்தத் துணி என் உடம்பிலேயே காய்ந்திருந்தால், அது கேட்டிருக்கும் கூலி சுமார் 1.8 டிகிரி. உடம்பு ஆறிக்கொண்டிருக்கும் பானை இல்லை, அதுபாட்டுக்கு எரித்துக்கொண்டும் இருக்கும் என்பதால் அவ்வளவும் இறங்காது. ஆனால் 37-க்கும் 35-க்கும் இடையில் இருப்பதே இரண்டு டிகிரிதான். போதாததற்குத் தண்ணீர், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். துணிக்குள் காற்று தங்கியிருந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் அது கதகதப்பான உடை இல்லை, வடிகால்.

தெர்மல் என்று நம் ஊரில் விற்பதில் பாதிக்கு மேல் பருத்தி கலந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. என்னுடையதில் அப்படித்தான் இருந்தது; காலருக்குப் பின்னால் தைத்திருந்த சீட்டைத் திருப்பிப் படித்தது திரும்பி வந்த பிறகு. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு அது நல்ல உடுப்பு. இப்போது அம்மா மார்கழி விடிகாலையில் கோலம் போட அதைத்தான் மாட்டிக்கொள்கிறாள், 'நல்லா இருக்குடா' என்கிறாள். வியர்க்கிறவனுக்கு அது ஆகாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் குடித்தும் ஈரமாகத் தோன்றாது. பாலியஸ்டர் ஈரத்தை வெளியே தள்ளும். பருத்தி வாங்கி வைத்துக்கொள்ளும். கடலூரில் மே மாதம் பருத்தி நமக்குச் சாமி மாதிரி இருப்பதும் இதே குணத்தால்தான். தினமும் கேட்டில் நின்று, 'இந்த கிளவுஸ் ஆசிடுக்கா, சூட்டுக்கா, சீட்டைப் பாத்தியா?' என்று ஆட்களைக் கேட்கிறவன் நான்.

பள்ளத்தின் கதை

வாசல் பலகை மைனஸ் 3 என்றது. கிண்ணப் பள்ளத்தில் இருந்தபோது மைனஸ் 13 என்று இயந்திரத்தின் கேபினில் காட்டியது. ஒரே நாள், ஒரே காடு, பத்து டிகிரி வித்தியாசம். குளிர்ந்த காற்று கனம். வெயில் போனதும் அது சரிவில் வழிந்து, வெளியேற வழியில்லாத பள்ளத்தில் சேரும். மூத் கிராமத்தின் அந்த மைனஸ் 36.7-க்குப் பின்னாலும் இந்தச் சங்கதிதான். 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரனுக்கு, பள்ளத்தில் வந்து தேங்குவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீராக இருந்தால் பார்த்திருப்பேன். காற்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இருட்டிய பிறகு மிகக் குளிர்ந்த இடத்துக்குப் போய்ச் சேரும்படி எங்கள் நேரம் அமைந்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் அதே பள்ளத்தை வெயிலில் கடந்திருப்போம்.

'கவனக்குறைவு' என்ற கட்டம்

எந்த ஆலை அறிக்கையிலும் காரணம் என்ற கட்டத்தில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் கோப்பு மூடிவிடும். எழுதுகிறவனுக்கும் சுலபம், நிர்வாகத்துக்கும் சுலபம். ஒப்பந்தத் தொழிலாளி மேல் எழுதினால் இன்னும் சுலபம். அக்கா வீட்டிலும் அன்று இரவே அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. "நீ ஏன்டா மாமாவை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போன? அவருக்குத்தான் தெரியாது, உனக்குத் தெரியாதா?" பையன் தலை குனிந்து நின்றான்.

உண்மையில் அவனுக்குத் தெரியும். நேரம், ஏற்றம், பள்ளம், என் வேகம் எல்லாம் தெரிந்துதான் 2.10-க்குக் கேட்டான். அந்தக் கம்பத்துக்கு அடியில் நிற்கும்போது எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. வெயில், சிரிப்பு, உற்சாகம். வளையத்தில் இதுதான் சிக்கல். கஷ்டம் தெரிகிற இடத்தில் திரும்ப முடியாது. பாதிக்கு வந்துவிட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே தூரம். அதிலும் தடம் ஒருவழி. திரும்பக்கூடிய ஒரே இடம், எல்லாம் நன்றாக இருக்கும்போது வந்து போய்விடுகிறது. விபத்து மாட்டிய இடம் பள்ளம். விபத்து பிறந்த இடம் அந்தக் கம்பம்.

அங்கே ஒரு கணக்கு மட்டும் போட்டிருந்தால் போதும். 4.5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. மிச்சம் 10.5. அதே வேகத்தில் போனாலே 4.30. ஏற்றம் உண்டு, உட்காருவோம், களைப்போம். எப்படிப் பார்த்தாலும் 5 தாண்டும். நான் போட்ட கணக்கு வேறு. முந்தின இரவு மாமா, 1979-லிருந்து இந்தக் காடுகள் வழியாக நடக்கும் திரான்ஸ்ஜுராசியன் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அறுபது வயதுக்காரர்களும் முடிக்கிறார்கள் என்றார். அது காதில் நின்றது. 70-க்கு முன்னால் 15 என்ன என்று தோன்றியது. அந்த அறுபது வயதுக்காரர்கள் ஐந்து வயதில் பலகையில் ஏறியவர்கள் என்பது தோன்றவில்லை. சில்வர் பீச் ஓட்டம் நுரையீரலுக்குப் பலம் கொடுத்திருக்கிறது, உண்மை. பலகையில் நிற்க அது கற்றுத் தரவில்லை. அந்த நுரையீரல் இருந்ததால்தான் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியும் களைக்காமல் போக முடிந்தது.

இன்னும் ஒரு படி கீழே போகிறேன். தெரிந்தவன் ஒரு தடவை கேட்டுவிட்டு ஏன் விட்டுவிட்டான்? அந்தப் பேச்சை மறுபடி படித்துப் பாருங்கள். அவன் கேட்டது கேள்வியாகத்தான் வந்தது, 'திரும்பிடலாமா?' என்று. நான் பதிலே சொல்லவில்லை, 'உனக்கு முடியலையா?' என்று அவனுடைய ஆண்மையைத் தட்டினேன். அடுத்து அவன் உண்மையைச் சொன்னபோது மாப்ள என்று கொஞ்சி வாயை அடைத்தேன். தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்தவன். பிரான்சில் பிறந்து வளர்ந்தாலும் மாமாவிடம் 'முடியாது, நான் சொல்றதைக் கேளுங்க' என்று சொல்ல அவனுக்கு நம் வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானும்தான்.

பதினேழு வருஷமாக இந்த 'சரி மாமா'வை நான் வேறு வடிவத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆலையில் அது 'சரி சார்'. லைனில் பிரஷர் இருக்குமோ என்று சந்தேகப்படுகிற ஃபிட்டர், ஒரு தடவை கேள்வி மாதிரிக் கேட்பார். 'பர்மிட் போட்டாச்சு, வேலையைப் பாரு' என்றால், சரி சார். மார்ச்சில் இதைச் சொல்லி முடித்தபோது ஆட்கள் பனியன் கதைக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். 'சார், நீங்களே பி.பி.இ. இல்லாம போனீங்களா!' என்று ஒருவர் கேட்டார். பி.பி.இ. என்றால் வேலைக்கு ஏற்ற பாதுகாப்பு உடுப்பு. சிரிப்பு அடங்கிய பிறகு, பின்வரிசையிலிருந்து, பாரம் கட்டித் தூக்கும் வேலை செய்யும் ஒரு வயசான ரிக்கர் எழுந்து, "அந்தப் பையன் ரெண்டாவது தடவையும் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா சார்?" என்றார். கேட்டிருக்க மாட்டேன் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நடவடிக்கை

உடுப்பு, போன் விஷயமெல்லாம் சுலபம். வியர்க்கிற வேலைக்குக் குளிரில் பருத்தி கூடாது. ஏற்றத்தில் வியர்ப்பதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்ற வேண்டும், உட்காருவதற்கு முன்பே ஒரு அடுக்கைப் போட வேண்டும், மாற்ற ஓர் உலர்ந்த உள்ளாடை பையில் இருக்க வேண்டும். போனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். ரோமிங் இல்லாத போனிலும், சிக்னல் இருந்தால் 112 போகும். காரில் கிடக்கும் போனில் போகாது.

கடைசி நடவடிக்கையை எழுத நாளானது. எங்கள் வீட்டுக்கு என்று ஒரு விதி வைத்தோம்: வெளியே கிளம்பிய கூட்டத்தில் யாராவது ஒருவர், எந்த வயதாக இருந்தாலும், 'திரும்பலாம்' என்று சொன்னால் திரும்ப வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது, 'மொதல்ல நீ திருந்து' என்றாள்.

எங்கள் வேலையில் நடவடிக்கை எழுதினால் போதாது, அது வேலை செய்கிறதா என்று ஒரு தேதி போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆகஸ்டில் மருமகன் கடலூர் வந்தான். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தேவனாம்பட்டினத்தில் ஆரம்பித்து, கரையோரமாக வடக்கே பெண்ணையாற்று முகத்துவாரம் வரை நடந்து வரலாம் என்று கூட்டிப்போனேன். என் ஊர், என் கடற்கரை, என் வெயில். முகத்துவாரம் கண்ணில் பட்டுவிட்டது. அப்போது அவன் நின்றான்.

"மாமா, திரும்பலாம்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான்டா, அதோ…" என்று பாதி வாக்கியம் வெளியே வந்துவிட்டது. மீதியை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். நூறடி வந்ததும் முகத்தைப் பார்த்தேன். வியர்வை இருந்தது, களைப்பைக் காணோம்.

"முடியலையாடா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் மாமா" என்றான்.